மூலை வெட்டிய காகிதம்

ரத்தக் கொதிப்பு பார்க்கக் கையில் சுற்றிய ரப்பர் பட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே கம்பவுண்டர் கேட்டுவிடுவார். அவிழ்த்துவிட்டுக் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவான். பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் யாராலும் நகர முடியாது. அது அவருக்குத் தெரியும்.

"இன்னொண்ணு கேக்கறேன் நைனா, கோச்சிக்காதே" என்று குரலை இறக்குவார். "மத்ததெல்லாம் எப்பிடி கீது?"

மத்ததெல்லாம் என்றால் என்ன என்று எந்த ஆம்பிளையும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. கல்யாணமானவனுக்குக் காதில் விழுந்தவுடனே புரிந்துவிடும். சிலர் கூரையைப் பார்ப்பார்கள். சிலர் இருமுவார்கள். நான் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்த பாதரசத்தைப் பார்த்தேன்.

யுத்த காலத்தில் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார் அவர். பெயர் ஞாபகம் இருக்கிறது, எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஆம்பிளைகளின் பெயரை அவர் வெளியே விடாமல் வைத்திருந்தார். அவர் ஒருத்தர் பெயரை நான் வைத்திருக்கக் கூடாதா.

டாக்டர் கெட்டிக்காரர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து அறுபதைத் தாண்டியவர். காது மட்டும் மந்தம். அதனால் குழாய் வைத்துக் கேட்கிற வேலையெல்லாம் கம்பவுண்டர் தலையில் விழுந்தது. பாதரசம் இறங்கும்போது சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று முழங்கை மடிப்பில் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாக்டரிடம் நீட்டுவார். நோயாளி டாக்டரிடம் எதைச் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மூல வியாதிக்கு வந்த ஒரு பழைய வாத்தியார் அப்படிக் கத்திச் சொல்லிவிட்டு வீடு திரும்புவதற்குள் சேதி லஸ் முனையைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் மானமுள்ளவன் எவனும் உள்ளே தலைவலி என்று மட்டும் சொல்லுவான். மிச்சத்தை மருந்து வாங்குகிற ஜன்னலுக்குக் கொண்டுவருவான்.

ஜன்னலில் அவர் இருப்பார். ஒல்லி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அரைக்கைச் சட்டையில் அயோடின் கறை. பக்கத்தில் போனால் பெப்பர்மின்ட் வாசனை. இன்னும் கல்யாணமாகாதவர், அதுதான் வேடிக்கை. கல்யாணமாகாத பிள்ளை கல்யாணமானவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கும். கண்ணில் துளி விஷமம் இருக்காது. பல்லியின் அறுந்த வால் ஏன் துடிக்கிறது என்று குழந்தை கேட்கும் பாருங்கள், அந்த முகம்.

எல்லாரையும் கேட்பார். மாதா கோவில் வாசல் தீர்த்தத் தொட்டியில் மந்திரித்த தண்ணீரிலும் கொசுப்புழு வருகிறதே, எப்படி என்று பங்குச் சாமியாரைக் கேட்டார். சாந்தோம் கரையில் கட்டுமரம் தள்ளுகிறவர்களின் மணிக்கட்டைப் பிடித்து, கடலுக்குள் போகும்போது நாடி எப்படி, திரும்பி வந்த பிறகு எப்படி என்று எண்ணிப் பார்ப்பார். "மீன் புடிச்சா கொறையுது, வெறுங்கையோட வந்தா ஏறுது, இன்னா காரணம்?" என்பார். சவப்பெட்டி செய்கிற ஆசாரியிடம்கூட, திடீரென்று போகிறவர்களில் ஆம்பிளை அதிகமா பொம்பளை அதிகமா என்று கேட்டிருக்கிறார். ஆசாரி உளியால் அடிக்க வந்தாராம்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அப்போதும் அப்படித்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் துணிக்கடைக்குப் போனவன். படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தெரியாததால்தான் எனக்கு மட்டும் எல்லாம் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். தெற்கு மாட வீதியில் திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி ஒருவர் கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் அளந்து விட்ட கண்ட்ரோல் துணி வந்த காலம். வாசலில் வரிசை நிற்கும். வரிசையின் கடைசி ஆளுக்குத் துணி இருக்காது என்று முதலிலேயே தெரிந்தாலும் சொல்ல முடியாது. அந்தக் கடைசி ஆளின் முகத்தை நினைத்தே எனக்குக் காலையிலிருந்து பிடரி வலிக்கும். மேல் பலகையிலிருந்து துணிக்கட்டை எடுக்க அண்ணாந்தால் கண் இருட்டும்.

அது ஒரு கஷ்டம். இன்னொரு கஷ்டம் வீட்டில். எட்டு மாதமாக நான் என் மனைவி லூர்துவுக்குப் புருஷனாக இல்லை. முதல் தடவை களைப்பு என்றேன். இரண்டாம் தடவை அவளே களைப்பு என்று சொல்லிவிட்டாள். பிறகு நான் வெற்றிலைக்குப் போவதும், கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்ப்பதும், ஜெபமாலையை இழுத்து இழுத்துச் சொல்வதுமாக, அவள் தூங்கின பிறகே படுத்தேன். முப்பத்தொன்பது வயதில் முடிந்துபோனேன் என்று எனக்குள் தீர்மானம். சந்தை ஓரத்தில் ஒருத்தன் மண்பானையில் வைத்து விற்ற லேகியத்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு மாதம் தின்றேன். மூக்கில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலம் வந்தபோது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அந்த நாற்பது நாளும் புருஷன் பெண்சாதி விலகிப் படுப்பது வழக்கம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, நாற்பது நாளைக்குப் பயமில்லை என்று வெளியே வந்தேன். பூசை முடித்து வந்தவன் நினைக்கிற நினைப்பா அது.

அதே வாரம் கடையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். முதலாளி ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பினார்.

கம்பவுண்டர் பட்டையைக் கட்டி, பந்தை அமுக்கி, குழாயை வைத்துக் கேட்டார். காகிதத்தில் எழுதினார். பிறகு அந்தக் கேள்வி.

"மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

பந்தை மறுபடி அமுக்கினார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் இன்னொன்று எழுதி எனக்குக் காட்டினார்.

"இது கேக்கறதுக்கு முன்னால. இது நீ பதில் சொன்னப்பறம். நடுவுல பாதரசம் ஏறிக்கினு பூட்ச்சி. ஏன் நைனா ஏறிச்சி?"

பாதரசத்துக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்துவிட்டது. கீழே தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், லேகியம் உட்பட. ஐந்தாறு பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

"லேகியத்துல இன்னா போட்டுக்கிறான்?"

"தெரியாது."

"தெரியாததைத் துன்னுட்டு பயப்படறே. தெரிஞ்சத சொல்லிட்டு பயப்படேன். தூக்கிப் போடு அத." பட்டையை அவிழ்த்தார். "ஒங்க தெரு கொழாயில தண்ணி நல்லா வருதா?"

"முனை வீட்டுக்கு வேகமா வரும். எங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள சொட்டுச் சொட்டாப் போயிடும்."

"ஏன்?"

"குழாய்க்குள்ள துரு ஏறியிருக்கும்."

"அதான் நானும் யோசிச்சிக்கினுக்கிறேன்" என்றார், நான் ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்டதுபோல. "ரத்தம் ஓடற கொழாயும் அப்பிடித்தானோ இன்னாவோ. எனக்குத் தெரியாது. டாக்டர் அலமாரியில இருக்கற புஸ்தகத்துல தேடினேன், ஆப்புடல. ஆனா கொதிப்புன்னு வர்றவங்க பாதிப் பேரு ஒன்ன மாரியே தரையப் பாக்கறாங்க. அத்தினி பேருக்கும் ஒரே நேரத்துல ஆம்பளத்தனம் பூடுமா? ரத்தம் போய்ச் சேரலன்னு வெச்சுக்கயேன்."

எட்டு மாதமாக அதை நான் பாவம் என்றோ, வயசு என்றோ, லூர்துவின் துரதிர்ஷ்டம் என்றோதான் நினைத்திருந்தேன். குழாய் என்று யாரும் சொன்னதில்லை. குழாய் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லையே.

டாக்டர் தூக்கத்துக்கு மிக்ஸ்சர் எழுதி, உப்பை அறவே விடச் சொன்னார். அந்தக் காலத்தில் மருந்துக்கு சீசா நாமே கொண்டுபோக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து சீசாவின் பக்கத்தில் ஒட்டித் தருவார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. அவர் அதை ஒட்டுவதற்கு முன்னால் மேல் மூலையைச் சின்னதாகக் கத்தரித்துவிட்டார்.

"இது எதுக்கு?"

"அடுத்த தபா சீசாவப் பாத்தவொடனே தெரிஞ்சிப்பேன். நீ முதல்லேர்ந்து சொல்ல வாணாம். எங்கயும் எழுதறதில்ல. எழுதினா எவனாவது படிப்பான்."

வீட்டில் லூர்துவிடம் "இனிமே எனக்குச் சோத்துல உப்பு வேணாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொன்னால் கொதிப்பைச் சொல்ல வேண்டும், கொதிப்பைச் சொன்னால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று பயம். மருந்து தலைசுற்றலுக்கு என்றேன். அவள் உப்பு ஜாடியை ஓரம் தள்ளினாள். "சரிங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து, முதலாளி கல்லாவுக்குப் பின்னால் இருந்த பலகையில் நூல்கண்டு தேடச் சொன்னார். கண்டுக்குப் பின்னால் ஒரு மருந்து சீசா. பல் பல்லாகக் காகிதம். மேல் மூலை வெட்டியிருந்தது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு பிள்ளைகள், மீசை, தெருவே கேட்கிற குரல். கடைப் பையன்கள் அவரைக் காளை என்பார்கள். கையில் சீசாவோடு நான் நிற்பதை அவர் பார்த்தார். பிடுங்கிக்கொண்டார்.

"என்ன வே பாக்கீரு? மருந்து சீசா பாத்ததில்லையா?"

என் சாப்பாட்டுப் பையிலிருந்து என் சீசாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றா, இல்லை பயத்திலா, இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ.

"உமக்குமா வே?"

"ஆமா மொதலாளி."

"எம்புட்டு நாளா?"

"எட்டு மாசம்."

"எனக்கு ஒண்ணரை வருசம்." சீசாவைப் பலகைக்குப் பின்னால் தள்ளினார். "இனிமே மேல் பலகையில நீரு ஏறாதீரும். பயலுவ ஏறட்டும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கத்தினதே இல்லை. எனக்கோ பிடரி வலி பாதி குறைந்துவிட்டது. காளைக்கும் மூலை வெட்டுத்தான் என்றால் நான் எம்மாத்திரம்.

ஆனால் இரண்டாவது சீசா முடிந்தபோது இன்னொரு பயம் வந்தது. தூக்கம் அள்ளிக்கொண்டு போனது. ஆசை என்று ஒன்று இருந்ததே, அதுவும் கூடவே போய்விட்டது. ஜன்னலில் சொன்னேன். கம்பவுண்டர் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்துக் கடித்தார்.

"கொதிப்பு கொறஞ்சிக்கீது. மத்தது இன்னும் மோசம்னு சொல்றே."

"ஆமா."

"ஒனக்கு முன்னால மூணு பேரு இதையே சொன்னாங்க." மிக்ஸ்சரில் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புக் கரிக்குது பாரு. உப்ப நிறுத்தச் சொல்லிட்டு உப்பாட்டம் ஒண்ணு குடுக்கறோம். தூக்கத்துக்குப் போடற புரோமைடு. கொதிப்பு பாதி கெடுக்குது, மீதிய என் மருந்து கெடுக்குதோ?"

அப்புறம் எழுந்தார். நேரே டாக்டரிடம் போனார். செவிட்டு டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பது? ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பேர்.

"ஏண்டாப்பா, இதெல்லாம் உன்னை யார் கேக்கச் சொன்னா?" டாக்டருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "நான் மருந்து குடுத்துண்டிருக்கேன், நீ பின்னாடி உக்காந்து குடும்ப விசாரணை பண்ணிண்டிருக்கியா? யார் சொன்னா, பேரைச் சொல்லு."

பெஞ்சில் ஒருத்தர் எழுந்து செருப்பைத் தேடினார். நான் சீசாவைப் பைக்குள் தள்ளினேன்.

கம்பவுண்டர் இன்னொரு காகிதம் எழுதினார். டாக்டர் அதையும் படித்தார். அதற்கப்புறம் பேர் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டேன். "'பேரு தெரியாது. உங்ககிட்ட சொல்லணும்னா கத்திச் சொல்லணும்னு பயப்படறாங்க'ன்னு எழுதினேன்" என்றார்.

அன்றைக்கு டாக்டர் பெஞ்சில் இருந்த எங்கள் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். என்னுடையதில் புரோமைடைப் பாதியாக்கினார். அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் மேஜையில் ஒரு சிலேட்டும் பல்பமும் இருந்தன.

எனக்கு அதெல்லாம் நல்லதுதான். ஆனால் தபசு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நாற்பது நாள் மறைப்பு விலகினால் லூர்துவிடம் என்ன சொல்வது? கம்பவுண்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார்: "வூட்ல சொன்னியா?" ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்றேன்.

அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானத்தோடு தபசு முடிந்துவிடும். வியாழக்கிழமையிலிருந்து பேசாமல் கிடந்த கோவில் மணி சனிக்கிழமை காலை பூசையில் மறுபடி அடிக்கும். முதலாளி அரை நாள் லீவு தந்திருந்தார். எங்கள் பெண்கள் இரண்டும் மணிச் சத்தம் கேட்டுத் தெருவுக்கு ஓடின. லூர்து கழுவின சீசாவைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். சீசா கழுவுவது அவள் வேலை. அதை நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை.

"நம்ம தெருக் குழாயடியில மட்டும் அஞ்சு சீசா" என்றாள். "அஞ்சும் மூலை வெட்டினது. குழந்தை இருமல் மருந்துக்கு வெட்டலை, பக்கத்து வீட்டு செசிலியா மாமியார் முழங்காலுக்கு வெட்டலை. ஆம்பிளைங்க சீசாவுக்கு மட்டும்தான். அதுவும் எல்லா ஆம்பிளைக்கும் இல்லை. பொம்பளைங்க நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். யாரும் ஒண்ணும் பேசலை."

என் கை வெற்றிலையைத் தேடியது.

"எனக்குத் தாங்கலை. நேத்து சீசாவை எடுத்துக்கிட்டு ஜன்னலுக்கே போயிட்டேன். இந்த மூலை என்னன்னு கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்த்துப்போச்சு. 'அதை நீங்க அவரைத்தான் கேக்கணும்மா'ன்னுச்சு. செத்துப்போற வியாதியான்னு கேட்டேன். 'அவரைக் கேளுங்கம்மா.' வேற பொம்பளையான்னு கேட்டேன். அதுக்கும் 'அவரைக் கேளுங்கம்மா'தான். ஊரையே கேள்வி கேக்கற பிள்ளை, ஒரு பதில் சொல்லலை."

"வேற பொம்பளைன்னா நெனச்சே?"

"மொதல்ல அப்பிடித்தான். அப்புறம் உப்பு வேணாம்னீங்களே, அப்போ சமாதானமாச்சு. நேர்த்திக்கடன் ஏதோ போட்டிருக்கீங்க, உப்பையும் என்னையும் சேத்து விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். சாமிக்குன்னு விட்டதை நாம கேக்கக் கூடாது. இந்த மூலையைப் பாத்தப்புறம்தான் மறுபடி பயம் வந்துச்சு." சீசாவைக் கீழே வைத்தாள். "நானும்தான் நாப்பது நாளா உப்பில்லாமச் சாப்பிடறேன். உங்களுக்குத் தெரியாது."

தெரியாது. ஒரே அடுக்களையில், ஒரே பானையில். என் தட்டைத் தவிர வேறு தட்டை நான் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க" என்றாள். அந்த வார்த்தையை ஜன்னலில்தான் பொறுக்கியிருக்க வேண்டும். "என்னங்க உங்களுக்கு?"

கையில் பட்டை இல்லை. எழுந்து வெற்றிலைக்குப் போயிருக்கலாம். உட்கார்ந்து சொன்னேன். பாதரசம், லேகியம், குழாய்த் துரு, முதலாளி பெயரைத் தவிர எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கடைசியில், "குழாயா" என்றாள். "இதுக்கா எட்டு மாசம் தாழ்ப்பாளைப் பாத்தீங்க."

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் பொய். சில காலம் இருந்தது, சில காலம் இல்லை. கொதிப்பு என்னோடு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் தாழ்ப்பாளை ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை ஜன்னலுக்குப் போய், குழாயடிப் பொம்பளைகள் அவருடைய ரகசியத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "சீசா கழுவறது அவங்கதானே" என்று இரண்டு தரம் சொன்னார். "இத்த நான் யோசிக்கவே இல்லியே நைனா." அஞ்சு வீட்டிலும் என்ன நடந்ததோ என்று அன்றைக்கு ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுவாரம் சின்னவளுக்கு இருமல். மருந்து வாங்கப் போனேன். காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்தார். பிறகு மேல் மூலையையும் கத்தரித்தார்.

"இது கொழந்தைக்கு" என்றேன் பதறிப்போய்.

"தெரியும்." எனக்கு முன்னால் ஒரு கிழவி வாங்கிக்கொண்டு போகிற சீசாவைக் காட்டினார். அதிலும் மூலை இல்லை. பலகையில் வரிசையாக நின்ற அத்தனை சீசாவிலும் மூலை இல்லை. "இனிமே எல்லாத்துக்கும் வெட்டிடறது. எவ கழுவினாலும் ஒண்ணும் தெரியாது."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும், யாரு என்னன்னு?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்தப் பழைய முகம் திரும்பி வந்திருந்தது.

"எனக்கும் தெரியாது நைனா. ஒவ்வொரு தபாவும் முதல்லேர்ந்து கேக்கணும்" என்றார், சந்தோஷமாக.